முதலில் டயர், கடைசியில் ஃபோர்க்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் போட்டால் முக்கால்வாசி ஒரே குவியலில் விழுகின்றன. விலை குறைந்த எம்.டி.பி., அதாவது மலைச் சைக்கிள், வாங்கியாகிவிட்டது, அதில் எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது? எனவே இந்த இதழ் முழுக்க அதுதான். பஞ்சர் சந்தேகம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு எம்.டி.பி. வாங்கினேன். 27.5 அங்குலச் சக்கரம், 21 கியர், கேபிளில் இழுக்கிற டிஸ்க் பிரேக், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், எடை 15 கிலோ. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்பாதையில் ஓட்டுகிறேன். ஃபோர்க் கல் மாதிரி இருக்கிறது. ஒரு நண்பன் ஏர் ஃபோர்க் போடச் சொல்கிறான், இன்னொருவன் ஹேண்டில்பாரிலிருந்து பெடல் வரை எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறான். கையில் இருக்கும் காசு வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு. எதிலிருந்து தொடங்கட்டும்?
— ஒரு கல்லூரி மாணவர்

தம்பி, கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் உங்கள் உடம்பு சொன்ன குறை ஒன்றே ஒன்று: முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க் கல் மாதிரி இருக்கிறது. மற்றதெல்லாம் நண்பர்கள் சொன்னவை. இந்த இரண்டையும் பிரித்து வைத்தாலே பாதிக் காசு மிச்சம்.

போன வருஷம் ஒரு பையன் இதே புகாரோடு என் பட்டறைக்கு வந்தான். ஃபோர்க்கின் தலையில் இருக்கும் குமிழைத் திருகித் திருகி ஓய்ந்துபோயிருந்தான். (அந்தக் குமிழ் ஸ்பிரிங்கின் விறைப்பைக் குறைக்காது. நாம் ஏறி உட்கார்ந்ததும் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்பதைத்தான் கொஞ்சம் மாற்றும்.) நான் ஃபோர்க்கைத் தொடவே இல்லை. முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் இறங்கவில்லை. காற்றழுத்த மீட்டர் வைத்துப் பார்த்தால் 60 பி.எஸ்.ஐ. டயரின் பக்கவாட்டில் 'அதிகபட்சம் 65' என்று இருந்ததைப் படித்துவிட்டு, கொஞ்சம் குறைத்தே அடித்திருப்பதாக அவனுக்குப் பெருமை வேறு. தாண்டக்கூடாத எல்லையை அடிக்க வேண்டிய அளவாக எடுத்துக்கொண்டுவிட்டான். ஆள் 65 கிலோ இருப்பான். முன்னால் 26, பின்னால் 30 என்று இறக்கிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் கிடக்கும் ஜல்லிமேல் ஒரு சுற்று போய்வரச் சொன்னேன். திரும்பி வந்தவன் கேட்டான்: "ஃபோர்க்குக்குள்ள என்னண்ணே பண்ணீங்க?"

உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை. டியூப் போட்ட 2.1, 2.2 அங்குல டயரில் 60 முதல் 75 கிலோ வரை உள்ளவர்களுக்கு மண்பாதையில் 25-லிருந்து 35-க்குள் எங்காவது வந்து நிற்கும். முன்னால் எப்போதும் பின்னால் இருப்பதைவிட மூன்று நான்கு குறைவாக. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். கல்லில் ஏறும்போது ரிம் 'டங்' என்று தட்டினால் அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள், இரண்டு ஏற்றிவிடுங்கள். தட்டத் தட்ட ஓட்டினால் டியூபில் அருகருகே இரண்டு ஓட்டை விழும், பாம்புக் கடி என்போமே, அதுதான். ஆகவே முதலில் வாங்க வேண்டியது வண்டியில் பூட்டுகிற பாகமே இல்லை, ஒரு நல்ல மீட்டர்.

அடுத்தது ஓவராயில், அதாவது பிரித்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டுவது. விலை குறைந்த வண்டியில் பாகம் மோசம் என்பதைவிடப் பூட்டிய விதம் மோசம் என்பதே நான் கண்டது. முன் சக்கரத்தைக் கழற்றுங்கள். அச்சின் இரண்டு முனையையும் விரலில் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் சரி. மணலை அரைக்கிற மாதிரி விரலில் நறநறவென்று தெரிந்தால் கோன் (அச்சில் பால்ஸைப் பிடித்திருக்கும் கூம்பு நட்டு) இறுகிக் கிடக்கிறது, அல்லது உள்ளே கிரீஸ் இல்லை, பெரும்பாலும் இரண்டும்தான். பிரித்தால் வழக்கமாக முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) பக்கத்துக்குப் பத்து பால்ஸ், 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலம். எண்ணி வைத்துக்கொண்டு பிரியுங்கள், ஒன்று உருண்டு ஓடினால் தெரியட்டும். துடைத்து, புதுக் கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டும்போது ஒரு சூட்சுமம் உண்டு. லீவரை மடக்கிப் பூட்டும் குயிக் ரிலீஸ் அச்சாக இருந்தால் கோனில் மயிரிழை ஆட்டம் விட்டு வைக்க வேண்டும். லீவரை மடக்கியதும் அந்த ஆட்டம் தானாகக் காணாமல் போகும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டு அதற்குமேல் லீவரையும் மடக்கினால் பால்ஸ் நசுங்கிக் கிண்ணத்தில் குழி விழுந்துவிடும். பிறகு எந்தக் கிரீஸாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அப்படியே போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். சில தளர்ந்தும் சில விறைத்தும் இருந்தால் கோட்டம் எடுக்கக் கொடுங்கள். புது வண்டியின் முதல் சில மாதங்களில்தான் கம்பிகள் அதிகம் தளரும். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது.

ஃபோர்க்கையும் இதில் சேருங்கள். விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க் பலவற்றில் இரண்டு கால்களின் அடியிலும் ஒவ்வொரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் கீழ்ப்பகுதி உருவிக்கொண்டு வந்துவிடும். உள்ளே பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங், ஒரு பிளாஸ்டிக் தண்டு, ரப்பர் கட்டை, கொஞ்சம் காய்ந்த கிரீஸ். துடைத்துச் சஸ்பென்ஷனுக்கு உரிய கிரீஸைத் தடவிப் பூட்டினால் அமுங்குகிற விதமே மாறும். அதிர்வை அடக்கும் டேம்பிங் அதில் கிடையாது. அமுங்கிய வேகத்திலேயே துள்ளி எழும். அந்தத் துள்ளலை மாற்ற முடியாது, முரட்டுத்தனத்தைக் குறைக்க முடியும்.

இவ்வளவும் ஆன பிறகு காசை எடுங்கள். முன் டயர். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் மோவாய்தான் முதலில் தரையைத் தொடும். விலை குறைந்த வண்டிகளோடு வரும் டயரின் ரப்பர் கெட்டியாக இருக்கும். சீக்கிரம் தேயாது, ஆனால் ஈரக் கல்லில் பிடிக்காது. மென்மையான ரப்பரும் உயரமான பற்களும் உள்ள ஒரு நல்ல டயரை முன்னால் மட்டும் போடுங்கள், பழைய முன் டயர் பின்னால் போகட்டும். வாங்கும்போது பக்கவாட்டில் 584 என்ற எண்ணைத் தேடுங்கள், உங்கள் 27.5-க்கு அதுதான். 26 என்றால் 559, 29 என்றால் 622. அங்குலக் கணக்கு ஏமாற்றினாலும் இந்த எண் ஏமாற்றாது. அகலம் கூட்டுவதாக இருந்தால் ஃபோர்க்கின் கால்களுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு பக்கமும் 6 மி.மீ. இடைவெளியாவது மிஞ்சுகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். சேறு ஒட்டினால் அந்த இடம் தேவைப்படும்.

அடுத்து பெடல். வண்டியோடு வந்தது வழவழ பிளாஸ்டிக் என்றால், சின்ன ஆணிகள் முளைத்த அகலப் பெடல் ஒரு ஜோடி வாங்குங்கள். நைலானிலேயே நல்லது கிடைக்கிறது, உலோகம்தான் வேண்டும் என்பதில்லை. மேட்டுப் பாதையில் கால் துள்ளி விலகாமல் இருந்தால் வண்டியே வேறு வண்டி மாதிரி தெரியும். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் முழு பலத்தையும் போட்டு இன்னும் இறுக்கிக்கொண்டு வருபவர்கள் மாதம் ஒருவராவது உண்டு.

சரி, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் ஃபோர்க். நானே ஒரு காலத்தில் இதில் சூடு பட்டவன். விலை குறைந்த இரும்பு ஃபிரேம் ஒன்றுக்கு, பழைய ஏர் ஃபோர்க் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி மாட்டினேன். வண்டியில் இருந்தது 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க், நான் மாட்டியது 140. முன்பக்கம் எழும்பிவிட்டது. ஃபோர்க் 20 மி.மீ. உயர்ந்தால், ஃபோர்க் தண்டு நுழையும் தலைக்குழாயின் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். எனக்கு இரண்டு டிகிரி சாய்ந்தது. ஏற்றத்தில் முன் சக்கரம் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டு அலைந்தது. அதைச் சரிசெய்ய, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றினேன், பிறகு ஹேண்டில்பாரை மாற்றினேன். புது ஃபோர்க்கின் அச்சு 15 மி.மீ. தடிமன், பழைய ஹப் அதில் சேராது, அதனால் முன் சக்கரமும் புதிது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கடைசியில் முன்பாதி ஒரு வண்டியாகவும் பின்பாதி வேறொரு வண்டியாகவும் நின்றது. அடுத்த மாதமே பின் அச்சு முறிந்தது.

இன்னொரு தடையும் உண்டு. இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகளின் தண்டு கீழே 1.5 அங்குலமாகத் தடிக்கும். உங்களுடையது பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை 1 1/8 அங்குலம், அதாவது 28.6 மி.மீ. தலைக்குழாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 44 மி.மீ. என்றால் கீழே பேரிங் கிண்ணத்தைக் குழாய்க்கு வெளியே வைத்து ஏற்றலாம். 34 என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

நீங்கள் சொன்ன தொகையில் முன் டயர், பெடல், பிரேக் கட்டைகள், ஒரு செயின் நான்கும் அடங்கும். மீதியைத் தொடாதீர்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, ஓட்டிவிட்டு வந்ததும் குறையை மட்டும் எழுதுங்கள், பாகத்தின் பெயரை எழுதாதீர்கள். 'நீள இறக்கத்தில் கை மரத்துப்போனது.' 'இரண்டாவது கியரில் செயின் தாவுகிறது.' ஒரே குறை மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்தால் மீதிக் காசு அதற்கு.

முன்னால் மூன்று பல்சக்கரம் இருப்பது பழைய காலம் என்கிறார்கள். ஒற்றைப் பல்சக்கரமாக மாற்றினால் ஏற்றம் ஏறுவது சுலபமாகுமா?
— மூட்டுவலியோடு ஏற்றம் ஏறும் ஒரு வாசகர்

ஏற்றம்தான் காரணம் என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் வருவது, பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் எத்தனை சுற்று என்பது. சின்ன எண் என்றால் சுலபமான கியர்.

உங்கள் வண்டி வழக்கமான 42-34-24 முன்னால், 14-28 பின்னால் என்று வைத்துக்கொண்டால் மிகச் சுலபமான கியர் 24/28, அதாவது 0.86. ஒற்றை 32 பல் போட்டு, பின்னால் எட்டு அடுக்கு 11-34 வைத்தால் 32/34, அதாவது 0.94. காசைக் கொட்டி முன்பைவிடக் கஷ்டமான கியரை வாங்கியிருப்பீர்கள்! பின்னால் 42 பல் வரை போகும் கேசட் (ஹப்பின்மேல் செருகும் பல்சக்கர அடுக்கு) வைத்தால்தான் 0.76-க்கு இறங்கும். அதற்குப் புது ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), புது டீரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம்), கேசட் ஏறும் ஹப் எல்லாம் வேண்டும். முன்பக்கப் பல்சக்கரங்கள் கிராங்கோடு ஆணியடித்து இணைத்தவையாக இருந்தால் (விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான்) கிராங்கும் புதிது.

அதற்குப் பதில் இப்போதிருக்கும் ஃப்ரீவீலை (ஹப்பில் திருகி ஏற்றும் பல்சக்கர அடுக்கு) கழற்றி 14-34 ஃப்ரீவீல் ஒன்று போடுங்கள். 24/34, அதாவது 0.71. மேலே சொன்ன எல்லாவற்றையும்விடச் சுலபம், ஆகும் செலவு அதில் ஒரு துளி. உங்கள் டீரெயிலர் 34 பல் வரை தாங்குமா என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்; செயினும் கொஞ்சம் நீளம் தேவைப்படலாம்.

ஒற்றைப் பல்சக்கரத்தில் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. இடது கட்டைவிரலுக்கு வேலை இல்லை, குலுங்கும் பாதையில் செயின் கழலுவது குறையும். ஆனால் நீங்கள் கேட்டது முழங்காலுக்காக. அதோடு சீட்டையும் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். விலை குறைந்த எம்.டி.பி. ஓட்டுகிற பத்துப் பேரில் ஏழு பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்காலைக் குறை சொல்கிறார்கள்.

டிஸ்க் பிரேக் கீச்சென்று கத்துகிறது என்று எண்ணெய் ஸ்பிரே அடித்தேன். சத்தம் நின்றுவிட்டது. ஆனால்...
— பெயர் வேண்டாம் என்கிறார்

பிரேக்கும் நின்றுவிட்டது, அதுதானே? கட்டைகளைத் தூக்கிப் போடுங்கள், ஊறிய எண்ணெய் வெளியே வராது. டிஸ்க் தட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால், சுத்தமான துணியில், துணி கறுப்பதை நிறுத்தும்வரை துடைக்கவும். புதுக் கட்டை போட்டதும் ஆளில்லாத சமதரையில் கொஞ்சம் வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மெதுவாகப் பிடித்து நடை வேகத்துக்கு இறக்குங்கள். இப்படி இருபது தடவை. அப்போதுதான் கட்டையின் பொருள் தட்டில் படிந்து பிடிப்பு வரும். தட்டில் 'ரெசின் கட்டைகளுக்கு மட்டும்' என்று பொறித்திருந்தால் உலோகக் கட்டை வாங்காதீர்கள், தட்டைத் தின்றுவிடும்.

என் மகளுக்கு 14 வயது. கேபிள் டிஸ்க் பிரேக். இறக்கத்தில் பிடித்துப் பிடித்துக் கை வலிக்கிறது என்கிறாள். ஹைட்ராலிக் பிரேக் மாற்றிக் கொடுக்கலாமா, பணம் தண்டமா?
— ஒரு தாய்

நல்ல கேள்வி அம்மா, ஏனென்றால் இதில் குறை முதலில் வந்திருக்கிறது, பாகம் பிறகுதான் வந்திருக்கிறது.

லீவரிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான லீவர்களில் ஒரு பொடித் திருகு இருக்கும்; அதை உள்ளே திருகினால் லீவர் ஹேண்டில்பாரை நோக்கி நெருங்கி வரும். பெரியவர்களின் கைக்கு வைத்த தூரத்தில் சிறுமியின் விரல் நுனி மட்டுமே எட்டும். நுனியால் இழுத்தால் யாருக்கும் வலிக்கும்.

பிறகு கட்டைகள். கேபிள் டிஸ்க் பலவற்றில் வெளிக்கட்டை மட்டுமே நகரும், உள்கட்டை அசையாது. வெளிக்கட்டை தட்டை வளைத்து உள்கட்டையில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். உள்கட்டை தேய்ந்து தூரம் கூடக்கூடக் கையின் பலம் தட்டை வளைப்பதிலேயே செலவாகிறது. சக்கரத்தின் பக்கமாக, பிரேக்கின் உள்முகத்தில் இருக்கும் திருகைத் திருப்பி, கட்டை தட்டை லேசாக உரசும்வரை கொண்டுவந்து, உரசல் நிற்கும் அளவு மட்டும் பின்னால் விடுங்கள். ஒயரும் அதன் மேலுறையான அவுட்டரும் துருப்பிடித்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: கியருக்கான அவுட்டரைப் பிரேக்குக்குப் போடக்கூடாது. அதன் உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, பலமாகப் பிடிக்கும் நேரம் பார்த்து வெடித்துப் பிளக்கும்.

இதற்குப் பிறகும் வலித்தால் ஹைட்ராலிக்குக்குக் கொடுக்கிற காசு தண்டமே இல்லை. விலை குறைந்த வண்டியில் நான் மனசாரச் சம்மதிக்கிற ஒரே பெரிய செலவு இதுதான். ஷிமானோ எம்.டி.200 போன்ற ஆரம்பநிலை ஜோடியே போதும், எண்ணெய் நிரப்பிக் குழாய் இணைத்தே வருகிற ஜோடிகளும் உண்டு. ஒரு விரலால் நிறுத்தலாம். ஆனால் வாங்கும் முன் மகளின் ஹேண்டில்பாரைப் பாருங்கள். கியர் மாற்றும் லீவரும் பிரேக் லீவரும் ஒரே உடலாக இருந்தால், பிரேக்கைக் கழற்றும்போது கியரும் கூடவே வந்துவிடும். தனி ஷிஃப்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, பூட்டும்போது சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

தட்டை 160-லிருந்து 180 மி.மீ. ஆக்குவது இன்னொரு வழி. அடாப்டர் ஒன்று சேர்த்தால் பிடிப்பு சுமார் எட்டில் ஒரு பங்கு கூடும். முன்னால் மட்டும் போதும், ஃபோர்க் 180-ஐ அனுமதித்தால்.

பின் அச்சு வளைந்துபோய் இது மூன்றாவது தடவை. நான் 85 கிலோ. ஒவ்வொரு முறையும் புது அச்சு போட்டுத் தருகிறார்கள். விதியா?
— ஒரு வாசகர்

விதி இல்லை, நெம்புகோல். உங்கள் பின் சக்கரத்தில் இருப்பது திருகி ஏற்றும் ஃப்ரீவீல். அந்த அமைப்பில் வலதுபக்க பால்ஸ் ஃப்ரீவீலுக்கு உள்ளே, சக்கரத்தின் நடுவை நோக்கித் தள்ளி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரை 10 மி.மீ. அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் அந்தரத்தில் நீண்டு நிற்கிறது. நீங்கள் ஒரு மேட்டிலிருந்து இறங்கும்போது அடி முழுக்க அந்த நீட்டத்தில்தான் விழுகிறது. கேசட் ஏறும் ஹப்பில் பால்ஸ் வலது ஓரத்துக்கே போய்விடுவதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நான்காவது அச்சு வாங்காதீர்கள். கேசட் ஹப்போடு, இரட்டைச் சுவர் ரிம்மோடு, 135 மி.மீ. அகலத்தில் ஒரு பின் சக்கரம் வாங்குங்கள். உங்கள் ஏழு கியர் ஷிஃப்டரை மாற்ற வேண்டியதில்லை. எட்டு, ஒன்பது, பத்து அடுக்குக்கான ஹப் உடலில் 4.5 மி.மீ. வளையம் ஒன்றை முதலில் போட்டுவிட்டு ஏழு அடுக்கு கேசட்டை ஏற்றினால் கச்சிதமாக உட்காரும். நாளைக்கு ஷிஃப்டர் தேய்ந்து போகும்போது எட்டுக்கோ ஒன்பதுக்கோ போகும் வழி திறந்தே இருக்கும். நல்லாயிருக்கிற சக்கரத்தைக் கழற்றி இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். உடைந்தது உடைந்துவிட்டது, அந்த இடத்தில் உயர்ந்ததாக வையுங்கள்.

எடை குறைந்த ஹேண்டில்பார், சீட் தண்டு, போல்ட் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ குறைக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிதானே?

கணக்கு சரி. நீங்கள் 65, வண்டி 15 என்று வைத்துக்கொண்டால் ஆக 80 கிலோ. அதில் அரைக் கிலோ என்பது நூற்றுக்கு 0.6. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பாதி மட்டும் நிரப்பிக் கொண்டுபோனாலே அது கிடைத்துவிடும்.

பின்னாலும் ஷாக் அப்சார்பர் உள்ள மலிவு வண்டி என்னுடையது. ஷாக்கை மட்டும் நல்லதாக மாற்றினால்?

மாற்றினால் நல்ல ஷாக் உள்ள மலிவு வண்டி கிடைக்கும். இணைப்புகளில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்கள் அப்படியே ஆடும். ஓடும்வரை ஓட்டுங்கள், ஒரு பாகமும் வாங்காதீர்கள்.

மலைச் சைக்கிள் என்று பெயர் வைத்துவிட்டு, கையேட்டில் 'குதிக்கக்கூடாது' என்று போட்டிருக்கிறார்கள். டயர், பிரேக், ஃபோர்க் எல்லாம் மாற்றிவிட்டால் குதிக்கலாம் அல்லவா?
— ஒரு பள்ளி மாணவர்

கையேட்டிலோ ஃபிரேமில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கிறதா பாருங்கள் தம்பி. ஏ.எஸ்.டி.எம். எஃப்2043 என்ற தர வரையறையின் எண் அது. 2 என்றால் மண்சாலை, ஜல்லிச்சாலை, 15 செ.மீ.க்கு மேல் குதிக்கக்கூடாது. 3 என்றால் கரடுமுரடான பாதை, 61 செ.மீ. வரை. எம்.டி.பி. மாதிரி தோற்றமும் 2 என்ற எண்ணும் உள்ள வண்டிகள் ஏராளம். எந்தப் பாகத்தை மாற்றினாலும் அந்த எண் மாறாது, ஃபிரேம் அதேதானே.

இதில் ஒரு வேடிக்கை, மலைச் சைக்கிள் பிறந்ததே மலிவு வண்டியை மாற்றி மாற்றித்தான். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் 1970-களில் சில இளைஞர்கள் 1930-கள், 40-களின் ஷ்வின் வண்டிகளைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி மலையிலிருந்து இறக்கினார்கள். பருமனான டயர், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். 1976-ல் அவர்கள் பந்தயம் வைத்த ஒரு பாதை மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இறங்கியது. கீழே வருவதற்குள் பிரேக் ஹப்பின் கிரீஸ் சூட்டில் புகைந்து காலியாகிவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. டிரம் பிரேக் போட்டார்கள், கியர் போட்டார்கள், மோட்டார் சைக்கிள் லீவர் போட்டார்கள். ஆனால் நாற்பது வருஷத்துப் பழைய ஃபிரேம் எவ்வளவு நாள் தாங்கும்? 1977-ல் ஜோ பிரீஸ் குரோமியம் கலந்த எஃகில் புது ஃபிரேம் ஒன்றையே செய்தார். மலை ஓட்டத்துக்கென்றே புதிதாகச் செய்த முதல் வண்டி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே குதிக்க ஆசை என்றால் ஃபோர்க்குக்குச் சேர்க்கும் காசை உண்டியலிலேயே விடுங்கள். 3 போட்ட ஃபிரேம் ஒன்று, பழையதாக இருந்தாலும், அதைவிடப் பெறும். ஹெல்மெட் மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

செயினை எப்போது மாற்றுவது? அறுந்த பிறகா?

அதற்கு வெகு முன்னால். இரும்பு ஸ்கேலைச் செயின்மேல் வைத்து, ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தைப் பிடியுங்கள். அந்த ஆணியை விட்டுவிட்டு எண்ணினால் வரும் இருபத்து நான்காவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருந்தால் செயின் புதிது மாதிரி. 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 தாண்டிவிட்டால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டும் புதிது.

அடுத்த வருஷம் நல்ல வண்டி வாங்கப்போகிறேன். இப்போது இந்த வண்டிக்கு வாங்குகிற பாகங்களை அதற்குக் கொண்டுபோக முடியுமா?
— ஒரு அலுவலக ஊழியர்

பெடல் நிச்சயம் போகும், 9/16 அங்குல மரை எல்லா எம்.டி.பி.க்கும் பொது. சீட் போகும், கைப்பிடி போகும். டயர் சக்கர அளவு ஒன்றானால் போகும். ஹைட்ராலிக் பிரேக் போகலாம், ஆனால் புது வண்டியில் அதைவிட நல்லதே இருக்கும். சக்கரம் போகாது: உங்களுடையது முன்னால் 100, பின்னால் 135; இப்போதைய நல்ல வண்டிகள் பெரும்பாலும் 110, 148, அச்சும் தடிமன். ஃபோர்க்கும் போகாது.

கழற்றிய பழைய பாகங்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் பழைய பெடலையும் பழைய சீட்டையும் திரும்பப் பூட்டிவிட்டு, நல்லவற்றை எடுத்துக்கொள்ளலாம். என் பரணில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. அதன் அடியில் அந்த 140 மி.மீ. ஃபோர்க், இன்னும் விற்கவில்லை.